பன்னிரண்டு டிகிரிக்காரர்

சிங்கப்பூரின் பொங்கோல், செங்காங் பக்கத்து அடுக்குமாடிகளில் இவரை அடையாளம் காண்பது எளிது. விருந்தில் எல்லாரும் தட்டோடு பிரியாணிப் பக்கம் நகரும்போது, இவர் மட்டும் மேசைமேல் இருக்கும் ஒயின் பாட்டிலை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளை ஓர் எழுத்து விடாமல் படிப்பார். பிறகு வீட்டுக்காரரைத் தனியே அழைப்பார்.

"இத இவ்வளவு நாளும் எங்க வச்சிருந்தீங்க?"

"கிச்சன் அலமாரியிலதான் சார். அடுப்புக்கு மேல."

அதற்கு மேல் கேட்க மாட்டார். துக்க வீட்டில் செய்வதுபோல வீட்டுக்காரரின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, தனக்கு ஆப்பிள் ஜூஸ் ஊற்றிக்கொள்வார்.

ஒயின் என்பது 12, 13 டிகிரியில், வெளிச்சம் படாமல், அதிர்வில்லாமல் படுத்திருக்க வேண்டியது. இது இவருடைய வேதம்; வேதத்தில் பிழை ஒன்றும் இல்லை. பிரான்ஸ்காரனுக்கு அந்தக் குளிரை நிலவறையின் மண்ணே கொடுத்துவிடுகிறது. பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வடக்கே, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் பதினோராம் மாடியில் இருப்பவர் மண்ணுக்கு எங்கே போவார்? அதனால் ஒயின் ஃப்ரிட்ஜ். புதியதன் விலையைப் பார்த்த மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை, சும்மா நிமிர்ந்து பார்த்தார். அதனால் பழைய ஒயின் ஃப்ரிட்ஜ்.

பாட்டில்மேல் இவருக்கு இருக்கும் பதற்றத்துக்குக் கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் மதுவிலுள்ள ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 13 விழுக்காட்டு ஒயின் 750 மில்லி பாட்டிலில் வந்தால் தீர்வை மட்டும் 8 வெள்ளி 58 காசு, ஜிஎஸ்டி தனி. இதை எக்ஸெலில் போட்டு வைத்திருக்கிறார். "அரசாங்கத்துக்குக் கட்டுன காச அடுப்புக்கு மேல வைக்க முடியுமா?" என்று கேட்டால் யாருக்குத்தான் பதில் இருக்கிறது?

பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் இவர் விளம்பரம் படிக்கிற அழகே தனி. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை சந்தேகப்பட மாட்டார்கள். 'அதிகம் புழங்காதது' என்றால் ஏன் புழங்கவில்லை? 'வீடு மாறுவதால் விற்கிறோம்' என்றால் போகிற வீட்டில் ஒயின் குடிக்க மாட்டார்களா? இப்படியே மாதக்கணக்கில் விசாரணை நடத்திவிட்டு, கடைசியில் விளம்பரத்தில் இருக்கும் படம் பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைப் பார்க்கப் போவார்.

போகிற இடத்தில் சடங்குகள் உண்டு. கதவு ரப்பரில் இரண்டு வெள்ளி நோட்டைச் செருகி மூடுவார். இழுத்தால் நோட்டு வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. உள்ளே தலையை விட்டுப் பூஞ்சை வாடை பார்ப்பார். பின்பக்கம் மண்டியிட்டுக் காதை வைப்பார். விற்கும் சீன அங்கிள் இதையெல்லாம் ஓர் ஓரமாக நின்று, போலீஸைக் கூப்பிடலாமா என்கிற யோசனையோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

"எத்தன பாட்டில் கொள்ளும் அங்கிள்?"

"முப்பத்தினாலு."

இந்தப் பதிலுக்காகவே காத்திருந்தவர், தோள்பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை உருவுவார். பர்கண்டி பாட்டில். கம்பெனிக்காரர்களின் 34 எப்போதும் ஒடிசலான போர்தோ பாட்டில் கணக்கு. பர்கண்டிக்கு இடுப்பு அகலம், ஷாம்பேனுக்கு இன்னும் அகலம். தட்டில் வைத்துக் காட்டி, மேல் தட்டில் இடிப்பதை நிரூபித்து, முப்பது வெள்ளி குறைத்துவிடுவார். அந்தக் காலி பாட்டிலை இவர் குடித்துக் காலி செய்தார் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய சாமான் எடுக்கும் கராங்கூனிக்காரரிடம் கேட்டு வாங்கியது.

அப்படி ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றும்போது தானும் பின்னால் ஏறிக்கொள்வேன் என்று அடம்பிடித்தார். ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும், வீட்டுக்கு வந்ததும் சில மணி நேரம் நிற்கவிட்டுத்தான் ஸ்விட்ச் போட வேண்டும் என்பதெல்லாம் உண்மை. இவர் ஒரு நாள் முழுக்க நிற்க வைத்தார். பக்கத்தில் யாரும் உரக்கப் பேசக்கூட விடவில்லை. ஆனால் இவர் வாங்கியதில் கம்ப்ரஸரே கிடையாது. சத்தமில்லை, அதிர்வில்லை என்று எதைப் பார்த்து மயங்கினாரோ, அது பெல்டியர் வகை. இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்று 1834-இல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டதை வைத்துச் செய்தது. நல்ல தத்துவம்தான். சுற்றியிருக்கும் காற்றைவிட ஏதோ பத்து, பதினைந்து டிகிரி குறைக்கும்; அதற்கு மேல் அதற்குத் தெம்பு கிடையாது.

போதாததற்கு அதைக் கொண்டுபோய் வைத்த இடம் பாம் ஷெல்டர். போர் வந்தால் பதுங்கச் சொல்லி வீவக கட்டித்தந்த காங்கிரீட் அறை. அரிசி மூட்டையும் சைக்கிளும் பதுங்கியிருக்கும் இடம். தடித்த சுவர், இரும்புக் கதவு, இருட்டு. "பிரான்ஸ்ல இருக்கிற மாதிரியே!" என்று குதூகலித்துக் கதவை அடைத்தார். உள்ளே இழுத்த குளிருக்கு ஈடாக வெளியே தள்ளிய சூடு போக வழியில்லை. அறை வெந்தது, அறை வேக வேகப் பெட்டி திணறியது. மறுநாள் தெர்மாமீட்டர் 21 காட்டியது. கூடத்துக்கு மாற்றிய பிறகு 18. அதற்குக் கீழே அது இறங்கவே இல்லை. அங்கிள் வீட்டில் மட்டும் எப்படி 12 காட்டியது? அங்கே நாள் முழுக்க ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் உள்ளே படுத்திருப்பவை பெரும்பாலும் தள்ளுபடியில் வாங்கிய நியூஸிலாந்து வெள்ளை ஒயின்கள். எல்லாம் திருகு மூடி. கார்க் காயக் கூடாது என்பதற்காகத்தான் பாட்டிலைப் படுக்கவைப்பது. திருகு மூடிக்கு நின்றால் என்ன, படுத்தால் என்ன? அவை வாங்கிய கையோடு குடிக்கச் செய்தவை. ஆனால் குடிக்க இவர் விட மாட்டார். தீபாவளிக்குக் கேட்டால் "இன்னும் கொஞ்சம் உட்காரட்டும்" என்பார். எது, எதற்காக உட்கார வேண்டும் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

மனைவி கேட்கவில்லை. செய்தார். ராத்திரி அரைத்த மாவு சிங்கப்பூர் வெக்கையில் விடிவதற்குள் பொங்கி வழியும். சமையலறை ஃப்ரிட்ஜிலோ பொங்கவே பொங்காது. 18 டிகிரியில் அது நிதானமாக, வேண்டிய அளவு மட்டும் எழுந்தது. அடுத்த வாரம் தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரம் நடுத்தட்டுக்கு வந்தது. பாட்டில்கள் மேல் தட்டுக்கு ஒதுங்கின.

"ஏங்க, இந்த ஒயினையெல்லாம் வேற எங்கயாவது வைக்கக் கூடாதா? மாவுக்கு எடம் பத்தல."

அன்றிரவே கம்ப்ரஸர் வைத்த, இரண்டு தனித்தனிக் குளிர் அடுக்குள்ள, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைச் செயலியில் பார்த்துவிட்டார். இதை விற்றாக வேண்டும். துடைத்து, மல்லிகை வாசம் போக எலுமிச்சை வைத்து, படம் எடுத்து, 'அதிகம் புழங்காதது' என்று எழுதினார். ஏன் விற்கிறீர்கள் என்று ஓர் இளைஞன் கேட்டதற்கு, வீடு மாறுகிறோம் என்றார். சனிக்கிழமை மாலை பார்க்க வருவதாகப் பேச்சு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கூடத்து ஏசியை 16-இல் போட்டுவிட்டு, ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.