மீள்வழிச் சித்தாந்தம்: டிரெய்லர் விளக்கும் ரேடியேட்டர் கொதிப்பும்

இழுவை வண்டிக்கு வரும் நோய்களுள் தலையாயவை இரண்டு. டிரெய்லர் விளக்கு எரியாமை ஒன்று. எஞ்சின் கொதித்தல் மற்றொன்று. முன்னதற்கு பல்பை மாற்று என்பர் பல்புவாதிகள். பின்னதற்குத் தண்ணீர் ஊற்று என்பர் தண்ணீர்வாதிகள். இரு சாராரும் போகும் வழியை மட்டுமே பார்ப்பவர்கள். திரும்பும் வழி கெட்டதால் வந்த ஒரே நோயைத்தான் இவர்கள் இரண்டாக எண்ணி மயங்குகிறார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்களம் அமெரிக்கா. படகையோ கேரவனையோ பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு மலையேறுவதை ஓய்வு என்று கருதும் அந்நாட்டில் இரு நோய்களையும் ஒரே வண்டியில் காணலாம்.

முதலில் விளக்கு. அங்கே சிறு டிரெய்லரின் தட்டை பிளக்கில் நான்கு ஒயர்கள் உண்டு. பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சள் இடப்பக்க பிரேக் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும், பச்சை வலப்பக்கத்துக்கு, வெள்ளை எர்த். மூன்று ஒயர்கள் கொண்டுபோவதை அந்த ஒற்றை வெள்ளை ஒயர் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மொய்யைப் போல மின்சாரமும் திரும்பி வந்தால்தான் கணக்கு நேராகும். வெள்ளை ஒயரைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகு துருப்பிடித்துவிட்டால், இடது இண்டிகேட்டருக்கு வந்த மின்சாரம் சட்டத்தில் சிக்கி, பிற பல்புகளின் இழைக்குள் பின்வாசலாகப் புகுந்து, பழுப்பு ஒயரைப் பிடித்து, முன்வண்டியின் பின்விளக்குகள் வழியாக எர்த்தைத் தேடும். விளக்குகள் மங்கலாக எரியும். சிமிட்டக் கூடாதது சிமிட்டும். பல்பு செத்திருந்தால் இருட்டல்லவா இருக்க வேண்டும்? பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து டிரெய்லர் சட்டத்துக்குத் தனியாக ஓர் ஒயரைப் பிடித்ததும் எல்லாம் பளிச்சென்று எரிந்தால், பல்புவாதம் அங்கேயே தோற்றது.

இனி வெப்பம். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட்டுக்குள் இறங்குகிறது. கூலன்ட் அதைச் சுமப்பதோடு சரி. வெப்பம் போய்ச் சேர வேண்டிய இடம் வெளிக்காற்று. அரிசோனாவில் 68ஆம் எண் சாலையிலுள்ள டேவிஸ் டேம் ஏற்றம் இதற்குச் சான்று. எஸ்.ஏ.இ. அமைப்பின் ஜே2807 தரப்படி, இழுவை வண்டி குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, பாரத்தோடு அங்கே சுமார் 18 கிலோமீட்டர் ஏறிக் காட்ட வேண்டும். சோதிக்கப்படுவது தண்ணீரின் அளவன்று. வெப்பம் காற்றுக்கு மீளும் வேகம். ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போவதால் முகப்பில் காற்று குறைகிறது. ஏசியின் கன்டென்சர் தன் சூட்டையும் ரேடியேட்டரின் முன்னே கொட்டுகிறது. போதாக்குறைக்குப் பூச்சியும் தூசும் ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்து, ஃபேன் கிளட்ச்சும் தளர்ந்திருந்தால் வெப்பமானியின் முள் ஏறாமல் என்ன செய்யும்? அப்போது ஏசியை அணைத்து, கொளுத்தும் வெயிலில் ஹீட்டரைப் போடுகிற ஓட்டுநர் பித்தர் அல்லர். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டரே. சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் முள் இறங்குவதற்குத் தண்ணீர்வாதிகள் இன்னும் சமாதானம் சொல்லவில்லை.

அற்றேல், ஃபியூஸ் போவது போகும் வழியின் குற்றமன்றோ எனின், அன்று. பழுப்பு ஒயரின் தோல் சட்டத்தின் விளிம்பில் உரசிக் கிழிந்தால், மின்சாரம் பல்பை எட்டிப்பாராமலே சட்டம் வழியாகத் திரும்பிவிடுகிறது. ஃபியூஸ் அதைக் கண்டுதான் உயிர்விடுகிறது. திரும்பாமை குற்றமென்றால் வேலை செய்யாமல் திரும்புவதும் குற்றமே. அஃதொக்கும், ஹோஸ் ஒழுகினால் தண்ணீர் ஊற்றத்தானே வேண்டும் எனின், ஊற்றுக. ஆனால் ஒழுகிய நீர் என்பது ரேடியேட்டருக்குத் திரும்பாத நீர் என்பதையும் நினைக்க. ரேடியேட்டர் மூடியும் இக்கட்சிக்கே சாட்சி. சூட்டில் பொங்கி டேங்குக்குப் போன கூலன்ட்டை, எஞ்சின் ஆறியதும் உள்ளே திரும்ப விடும் வால்வு அதில்தான் இருக்கிறது. அதைச் சூட்டோடு திறந்து ஆராய்வோர் முகம் வெந்து ஆய்வை முடிப்பர்.

மின்சாரமும் வெப்பமும் வேறுவேறு துறை, ஒரு நூலில் கட்டலாகாது என்பது கடைசித் தடை. அதற்கு டாஷ்போர்டே விடை சொல்லும். ஹெட்லைட்டைப் போட்ட நொடியில் வெப்பமானியின் முள் துள்ளிச் சிவப்பைத் தொடுவதுண்டு. விளக்கைப் போட்டதால் எந்த எஞ்சினும் நொடியில் கொதிக்காது; எர்த் கெட்டதால் முள் பொய் சொல்கிறது. அங்கே பல்பும் பழுதில்லை, தண்ணீரும் குறையவில்லை. ஆகவே கடைக்குப் போகுமுன் உப்புத்தாள் கொண்டு எர்த் திருகைத் தேய்க்க; எஞ்சின் ஆறிய பின் ரேடியேட்டர் இடுக்குகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுக. இரண்டையும் செய்த பிறகும் நோய் தீராவிட்டால் மட்டுமே பல்புவாதிகளையும் தண்ணீர்வாதிகளையும் அழைக்கலாம். அவர்களும் பிழைக்க வேண்டுமல்லவா?