ஓட்டலாம், ஓட்டுதான் கிடையாது

கே: லெ மான்ஸ் 24 மணி நேர கார் பந்தயத்தில் பெண்கள் முதன்முதலாக ஓட்டியது எப்போது?

ப: 1930இல். ஒதெத் சிக்கோ, மார்கெரித் மரெஸ் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் புகாட்டி டைப் 40இல் இறங்கினார்கள். கிளம்பிய 17 வண்டிகளில் கடைசிவரை தாக்குப்பிடித்தவை 9தான். இவர்களுடையது ஏழாவது. பிரான்ஸில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944இல். அதாவது, அன்றைக்குக் கார் ஓட்டலாம். ஓட்டுப் போடத்தான் முடியாது!

கே: அடுத்த வருஷமும் வந்தார்களா?

ப: வந்தார்கள், பெட்ரோலில் தோற்றார்கள். குறிப்பிட்ட சுற்றுகள் முடிந்த பிறகுதான் டாங்க் நிரப்பலாம் என்பது அன்றைய விதி. இவர்கள் முன்கூட்டியே ஊற்றிவிட, தகுதி நீக்கம். பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்ஜாக்கிரதைக்குத் தண்டனை வாங்கியவர்கள் இவர்கள்தான்.

கே: சிக்கோவின் உச்சம் எது?

ப: 1932. லூயி ஷாரவெலுடன் ஆல்ஃபா ரோமியோ 6சி ஓட்டி, 2 லிட்டர் பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தத்தில் நான்காமிடம். லெ மான்ஸில் ஒரு பெண் தொட்ட மிக உயர்ந்த இடம் இன்றுவரை அதுதான்.

கே: இத்தனை வருஷமாக அதை யாரும் தாண்டவில்லை என்றால், பெண்களுக்கு இது ஒத்துவராத வேலை என்றுதானே அர்த்தம்?

ப: கதவைச் சாத்திவிட்டு, 'விருந்தாளி யாரும் வரலையே' என்கிறீர்கள். 1956இல் ரேம்ஸ் பந்தயத்தில் ஆனி பூஸ்கே என்ற பெண் ஓட்டுநர் விபத்தில் இறந்தார். உடனே லெ மான்ஸ் அமைப்பாளர்கள் பெண்களுக்கே தடை போட்டார்கள். அதற்கு முந்தின வருஷம், அதே லெ மான்ஸில், கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த விபத்தில் சிக்கிய கார்களை ஓட்டியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஆண்கள் இனி ஓட்டக் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்! 1971இல் மரி-குளோத் பொமோன் கார்வெட்டில் வந்த பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.

கே: 1932க்குப் பிறகு சிக்கோ ஓய்ந்துவிட்டாரா?

ப: எங்கே? 1933 லெ மான்ஸில் அவருடைய ஆல்ஃபா விபத்தில் சிக்கி எரிந்தது, ஆள் தப்பினார். 1937இல் யாக்கோ எண்ணெய் கம்பெனிக்காக மோன்லேரி ஓடுதளத்தில் நாலு பெண்கள் முறைவைத்து ஒரே காரை 10 நாள், ராப்பகலாக ஓட்டினார்கள். அணித் தலைவி நம் சிக்கோதான். எண்ணெய் விற்பவனுக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?