கனம் எவ்வளவு?

அடையாறிலிருந்து நண்பர் போன் செய்தார். "சார், பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்' நாவல் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. பிரிக்கவே பயமா இருக்கு. ரொம்ப கனமாமே? படிக்கலாமா, வேணாமா?"

நான் அப்போது திருவொற்றியூரில், துறைமுகத்துக்காக வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கச் சந்து தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வடசென்னைப் பக்கத்தில் கனம் என்றால் டன் கணக்கு. ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் டீ குடிக்கக்கூடிய சரக்கைக் கனம் என்று சொல்லிப் பழக்கமில்லை.

"எதுக்கு சார் பயம்?"

"குழந்தையில்லாத தம்பதி, ஊர் வாய், பொண்டாட்டியத் திருவிழாவுக்கு அனுப்புறது... மனசு பாதிக்கும்னு சொல்றாங்க. அட்டையில ஒரு எச்சரிக்கையாவது போட்டிருக்கலாம்."

எச்சரிக்கை! நல்ல சொல். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண்ணும் தொண்டையும் எரிய, தூங்கிய பிள்ளைகளை வாரிக்கொண்டு சனம் இருட்டில் ஓடியது. ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 'அடுத்த பகுதி இளகிய மனதினருக்கு ஏற்றதல்ல' என்று யாரும் மைக் வைத்துச் சொல்லவில்லை. அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. வலை கறுப்பு, படகு கறுப்பு, வீட்டுச் சுவர் கறுப்பு. அந்த அத்தியாயத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிற வசதி கழிமுகக் கரையிலிருக்கும் காட்டுக்குப்பத்துக்காரருக்கு இல்லை. எங்கள் வலி திரையில் வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு வந்துவிடுகிறவர்களுக்கு, அடுத்தவர் வலி அச்சில் வந்தால் மட்டும் மனச்சோர்வு.

நண்பரை நோவானேன்? அவர் வெறும் வாசகர். நாவலை எடைபோட இந்த நாட்டில் தனி வர்க்கமே இருக்கிறது. அதன் தராசு எப்பேர்ப்பட்டது என்பதற்கு இதே நாவல்தான் சாட்சி.

'மாதொருபாகன்' வந்தது 2010இல். நான்கு ஆண்டுகள் யார் மனமும் புண்படவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று ஊரே புண்பட்டது. நகலெடுத்த சில பக்கங்கள் கைக்குக் கை மாறின. கதை நடக்கும் திருச்செங்கோட்டில் புத்தகம் எரிந்தது, கடைகள் அடைக்கப்பட்டன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடந்தது. அமைதி என்றால் எழுத்தாளர் அமைதியாகிவிடுவது என்று பொருள். பெருமாள்முருகன் நிபந்தனையற்ற வருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். தனக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று தானே அறிவித்தார்.

வேகத்தைப் பாருங்கள். எரித்தது டிசம்பர், எழுதி வாங்கியது ஜனவரி. இத்தனை சுறுசுறுப்பான அரசு இயந்திரம் எங்கள் பக்கம் வரும்போது மட்டும் எந்த ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்கிறது? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையில் தார்போல ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் மொண்டார்கள். ஆம், பிளாஸ்டிக் வாளி. அதே சூட்டோடு பிப்ரவரி 15 அன்று ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்களை ஏவிய நாடு இது. அனல்மின் சாம்பல் கொசஸ்தலையாற்றை மேடாக்கியதே, அதற்கு யாரையாவது ஒரே மாதத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து நிபந்தனையற்ற வருத்தம் எழுதி வாங்கினார்களா? மனம் புண்பட்டால் கூட்டம். நுரையீரல் புண்பட்டால் குழு. கூட்டம் அன்றைக்கே முடிவெடுக்கும். குழு அறிக்கை தரும். அறிக்கை பரிசீலனையில் இருக்கும். அதற்குள் இருமுகிறவருக்கு வயதாகிவிடும்.

கடைசியில் கனமான நாவல் 'கனம் கோர்ட்டார்' முன் போனது. ராயபுரத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் உயர் நீதிமன்றம். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தப் பேச்சுவார்த்தை முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காதவர் படிக்க வேண்டியதில்லை, அவர் எழுதட்டும் என்பது அதன் சாரம். பிடிக்காவிட்டால் மூடி வை என்பது டீக்கடை பெஞ்சுக்கும் தெரிந்த நியாயம். அதைச் சட்டப்படி நிலைநாட்ட ஏறக்குறைய 18 மாதம் பிடித்தது.

நண்பர் விடவில்லை. "அதெல்லாம் சரி சார், படிக்கலாமா?"

மணலி சாலையில் எனக்குத் தெரிந்த எடைமேடை ஒன்று இருக்கிறது. ரசீது போடும் அண்ணன் ஒருநாள் தொழில் ரகசியம் சொன்னார்: "லோடோட ஒருவாட்டி ஏத்தணும், காலியா ஒருவாட்டி ஏத்தணும். கழிச்சாத்தான் சரக்கு எவ்ளோன்னு தெரியும். பாத்தே சொல்றேன்றவன் ஃபிராடு."

நாவலுக்கும் வேறு வழியில்லை. படிக்குமுன் நீங்கள் எவ்வளவு, படித்து முடித்ததும் எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் கனம். முள் அசையவே இல்லையா, பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடுங்கள். அவரிடமும் தராசு உண்டு.

"ஏறுங்க சார்," என்றேன். "ஏறினாத்தான் தெரியும்."

அன்று நாமக்கல்லில் எடைமேடையில் ஏற்றியது நாவலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நகலெடுத்த நாலு பக்கத்தோடு வந்தவர்களும், அவர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவர்களும்தான் ஏறி நின்றார்கள். முள் காட்டியது காலி வண்டியின் எடை.