நசரத்பேட்டை மொட்டை மாடியில் உருளைக்கிழங்கு: வாளிவழி ஓர் ஆய்வு

உருளைக்கிழங்கு வேரா, தண்டா என்ற வழக்கில் தாவரவியல் எப்போதோ தீர்ப்பு சொல்லிவிட்டது: மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் 'கண்' ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. "கண்ணுன்னா பார்க்கணும்ல சித்தப்பா?" என்று ஒன்பது வயது அண்ணன் மகன் எழுப்பிய ஆட்சேபணை மட்டும் நிலுவையில் உள்ளது.

ஆய்வுக்களம், பெங்களூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் நசரத்பேட்டையில், லாரிப் புழுதி தினமும் இலவச மேலுரமாகப் படியும் ஒரு மொட்டை மாடி. கருவிகள்: அடியில் துளையிட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு, செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய சாணம். விதை: சமையலறைக் கூடையில் தானாகவே முளைவிட்ட நான்கு கிழங்கு. (அவை பொரியலுக்கு வைத்தவை என்ற அம்மாவின் மாற்றுக் கருத்து பதிவு செய்யப்படுகிறது.)

முன்னோடிகளைச் சொல்லாமல் ஆய்வு ஏது? ஆண்டிஸ் மலையில் பிறந்த இக்கிழங்குக்கு ஐ.நா. சபை 2008ஆம் ஆண்டையே ஒதுக்கியது. ஊட்டி அருகே முத்தொரையில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எல்லாம் குளிர் செய்யும் வேலை. இரவு வெப்பம் 20 டிகிரிக்குள் இருந்தால்தான் கிழங்கு நன்றாகத் திரளும். சூடு ஏற ஏறச் செடி இலையாகவே வளர்ந்து ஏமாற்றும். நசரத்பேட்டையோ மார்கழியில்கூட அந்த எல்லையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் ஊர். ஆகவே மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் நட்டோம்.

செடி ஒரு சாண் வந்ததும் தண்டைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். வெளியே தெரியும் கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகி, கசந்து, நஞ்சாகிவிடும். காலையில் நான் அணைத்த மண்ணை, ஏழு வயது இணை ஆய்வாளரான என் மகள் மாலையில் விலக்கிப் பார்த்து, 'இன்னும் வரல' என்று நோட்டில் எழுதினார். இப்படி 31 பதிவுகள். நூற்புழு, அசுவினி, கருகல் நோய் என்று பக்கம் பக்கமாக எழுதிய அறிஞர்கள் இந்தத் தாக்குதலைப் பற்றி வாய் திறக்கவில்லை. தற்காப்பாக ஒரு வாளியை அவர் பெயருக்கே எழுதிவைத்து, மற்றதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

தை முடிவில் இலை மஞ்சளானது. வாளிகளைக் கவிழ்த்தோம். ஒளித்த வாளியில், வெயில் காணாமல் நெட்டையாகிப்போன தண்டு மட்டும். தோண்டித் தோண்டிப் பார்த்த வாளியில் ஏழு கிழங்கு. பெரியது எலுமிச்சை, சிறியது கோலிக்குண்டு. நட்டது 240 கிராம். அண்ணாச்சி கடைத் தராசில் விளைந்தது 215.

"மண்ணைத் தட்டாம போடுங்கப்பா, கூடும்" என்றார் இணை ஆய்வாளர்.