முப்பத்தெட்டு மார்க்

பள்ளிக்கூடத்தில் 35 வாங்கினால் பாஸ். ஊனத்தில் 40 வாங்க வேண்டும். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெருந்தன்மையோடு 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த கையோடு, வேலை ஒதுக்கீடு போன்ற உருப்படியான சலுகைகளின் வாசலில் 40 சதவீதம் என்று ஒரு கட்டையையும் குறுக்கே போட்டது. என் வலது கைக்குக் கிடைத்தது 38. எழுபது வருஷமாக இந்த ஒரே பாடத்தைப் படித்தும் இரண்டு மார்க்கில் கோட்டைவிட்ட மக்கு நான்.

பிறக்கும்போது தலை வெளியே வந்துவிட்டது, தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டது. தலையைப் பிடித்து இழுத்தார்கள். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கொத்து சிதைந்தது. அவ்வளவுதான் கதை. 1872-இல் டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவரும் 1874-இல் எர்ப் என்ற ஜெர்மானியரும் இதை விளக்கமாகவே எழுதிவைத்துவிட்டார்கள். நான் பிறந்த 1955 வரைக்கும் அந்தச் சேதி எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. ஆகவே ஊர் கூடித் தானே காரணம் கண்டுபிடித்தது: கிரகணத்தன்று என் அம்மா அரிவாள்மனையைத் தொட்டாளாம். இழுத்த கைக்குப் புடவையும் வெற்றிலைபாக்கும் கிடைத்தன. பெற்றவளுக்குச் சாகும்வரை பழி கிடைத்தது. இப்போது பிரசவ அறைகளில் சொல்லித்தருகிறார்கள்: தோள் மாட்டினால் தலையை இழுக்காதே, தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கிப் பிடி, பெரும்பாலும் விடுபட்டுவிடும் என்று. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இதே கையோடு பிறந்த ஒருவர் ஜெர்மனிக்குச் சக்கரவர்த்தியாகவே இருந்தார். இரண்டாம் வில்ஹெல்ம், 1859-இல் பிறந்தவர், விக்டோரியா ராணியின் மூத்த பேரன். அவருக்கு இடது கை. ஐரோப்பாவின் மேதாவி மருத்துவர்கள் அப்போதுதான் கொன்ற முயலை, சூடு ஆறுவதற்குள் அந்தப் பிஞ்சுக் கையில் வைத்துக் கட்டினார்கள், மின்சாரமும் பாய்ச்சினார்கள். எனக்கு உளுந்தும் முட்டை வெள்ளைக்கருவும்தான். பலன் இருவருக்கும் ஒன்றே. வாலிபத்தில் அவர் படத்துக்கு நிற்கும்போதெல்லாம் அந்தக் கை வாளின் பிடியிலோ கையுறைக்குள்ளோ பதுங்கியிருக்கும். நான் தோளில் துண்டு போட்டு மறைத்துக்கொண்டேன். ஒரே வித்தியாசம், அவரை யாரும் கோணமானி வைத்து அளக்கவில்லை.

என்னை அளந்தார்கள். அரசு வழிகாட்டுதலில் பத்துக் காரியங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது: தலைக்கு மேலிருந்து பொருளை எடுப்பது, கையால் அள்ளிச் சாப்பிடுவது, தலை வாருவது, சட்டை போடுவது, பட்டன் மாட்டுவது, வேட்டி கட்டுவது, கால் கழுவுவது, எழுதுவது, இப்படி. முடியாத ஒவ்வொன்றுக்கும் 9 மார்க்.

"பட்டன் போடுவீங்களா சார்?"

"போடுவேன் டாக்டர்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரமாகும். ஆனா போட்டுடுவேன்."

போச்சு 9.

அந்தப் பட்டன் எப்படிப் போடப்படுகிறது என்று அவர் பார்க்கவில்லை. முதலில் உடம்பை வலப்பக்கம் சாய்த்து, தொங்கும் கையை ஆடவிட்டு, மேசை விளிம்பில் ஏற்றவேண்டும். பிறகு சட்டை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு இடது கை விரல்கள் துளையைத் தேடும். நரம்பு கண்டபடி முளைத்துச் சேர்ந்ததால், மடங்கு என்று மூளை சொன்னால் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும். இந்த உள்வீட்டுச் சண்டைக்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் கிடையாது. வேட்டியா? ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டிதான். கட்டத் தெரியாத கல்யாண மாப்பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்தது, எனக்கும் உதவியது. அதையும் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இன்னொரு 9.

நியாயம் இப்படிப் போகிறது: வாழ்நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்து, ஊட்டிவிடு, உடுத்திவிடு என்று கிடந்திருந்தால் அரசாங்கம் அரவணைத்திருக்கும். நான் பிழைக்கப் பழகிக்கொண்டேன். அதனால் பிழைப்புக்கு உதவி தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

எர்ப் சொன்ன கை எப்படி இருக்கும் என்றால், உடம்போடு ஒட்டித் தொங்கும், உள்பக்கம் திருகியிருக்கும், உள்ளங்கை பின்னால் பார்க்கும். மருத்துவப் பாடப்புத்தகங்கள் இதை, சர்வர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் டிப்ஸ் வாங்கும் கோலம் என்று வர்ணிக்கின்றன. சான்றிதழ் தரும் அறைக்கு வெளியே அந்தக் கோலம் அச்சு அசலாக ஒருவரிடம் இருந்தது. முகம் என்னைப் பார்க்க, உள்ளங்கை முதுகுப் பக்கம் விரிந்திருக்க, "ஏதாச்சும் பாத்துக் குடுங்க சார், உள்ள சொல்லிடலாம்" என்றார். என்ன அழகான கை! நூற்றுக்கு நூறு. ஆனால் அவருக்கு நரம்பெல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

வெளியுலகத்தின் மார்க் தனி. பள்ளியில் இடது கையால் எழுதியதற்கு முட்டியில் ஸ்கேல். கல்யாண வீட்டில் பீச்சாங்கையால் மொய் நீட்டுகிறான் என்று முணுமுணுப்பு. கோயிலில் விபூதிக்கு இடது கையை நீட்டினால் குருக்கள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். வலது கையைத் தூக்கி வைக்க நான் படும் பாட்டுக்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். சாமிக்கு ஆட்சேபம் இருப்பதாக இதுவரை தகவல் இல்லை.

டிசம்பர் 3 வந்தால் மட்டும் என் மவுசே வேறு. உலக மாற்றுத்திறனாளிகள் தினம், ஷாமியானா, ஒலிபெருக்கி, பொன்னாடை. "தன்னம்பிக்கையின் சிகரம்" என்று மேடையேற்றுகிறார்கள். சலுகை கேட்டால் போதாத ஊனம், பேச்சுக்கு உதாரணம் வேண்டுமென்றால் போதுமானதாகிவிடுகிறது. நினைவுப் பரிசை நீட்டியபோது போட்டோகிராபர் கத்தினார்: "ஐயா, ரெண்டு கையாலயும் வாங்குங்க, அப்பத்தான் மரியாதையா இருக்கும்!"

இப்போது இடது கைக்கு வருகிறேன். எழுபது வருஷம் இரண்டு கை வேலையை ஒற்றையாகச் செய்தது. தோளில் தசைநார் கிழிந்துவிட்டது, இரவில் விரல்கள் மரத்துப் போகின்றன. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தக் கைக்கு ஆறு வாரம் முழு ரெஸ்ட் குடுங்க."

"அப்ப எப்படிச் சாப்பிடறது டாக்டர்?"

"அதான் இன்னொரு கை இருக்கே."

வலது கையைக் காட்டினேன். "ஓ, இதா? இது குழந்தைகளுக்கு வர்றதாச்சே" என்றார். நரம்பைத் தைக்கும் அறுவை சிகிச்சையைப் பிறந்த சில மாதங்களுக்குள் செய்திருந்தால் பலன் இருந்திருக்குமாம். ஆகக் குழந்தை மருத்துவத்துக்கு நான் எழுபது வருஷம் லேட். முதியோர் மருத்துவத்திலோ இப்படி ஒரு நோயே இல்லை. எர்ப் கைக் குழந்தைகள் எல்லாரும் பத்து வயதில் குணமாகிவிடுகிறார்கள் அல்லது செத்துப்போகிறார்கள் என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும்.

கிழிந்த இடது தோளையும் கணக்கில் சேருங்கள் என்று மறுபடி போனேன். "அது வயசுக் கோளாறு சார், எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்கள். வலது கை செய்ய வேண்டியதையும் சேர்த்துச் செய்ததால் தேய்ந்தது என்றேன். "அதுக்கு ஆதாரம் இருக்கா?" என்றார்கள். எழுபது வருஷத்து ரசீதை எந்தக் கடையில் வாங்குவது?

கடைசியில் அட்டை வந்தது. 40-க்குக் கீழே இருப்பவர்களுக்கான வெள்ளைப் பட்டை போட்டது. அதைக் காட்டினால் பஸ் கண்டக்டர் முழு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். சான்றிதழில் தற்காலிகம் என்றும் போட்டிருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து, சரியாகிவிட்டதா என்று பார்க்க நேரில் வரவேண்டுமாம். 1955-இல் சிதைந்த நரம்பு அதற்குள் மனம் திருந்திவிடும் என்று அரசாங்கம் நம்புகிறது. நம்பட்டும். அந்தத் தேதியில் நான் வராமல் போனால், குணமாகிவிட்டான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.