ஆறு சக்கரத் துணி பீரோ

ஆர்.வி. என்கிற வீட்டு வண்டி வாங்கியது நாடு பார்ப்பதற்காக என்று அமெரிக்கப் பாட்டி சொல்வார். தாத்தாவும் அதை நம்பித்தான் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். என் கட்சி வேறு. அந்த முப்பதடி வண்டி ஒரு துணி பீரோ. எஞ்சின் பூட்டி, ஆறு சக்கரம் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. நம் ஊர்ப் படப்பிடிப்பில் கதாநாயகர்கள் ஏறி மறைந்துகொள்ளும் கேரவனைவிட வசதி அதிகமாகவே இருக்கும். ஆனால் பீரோவுக்குள் லாக்கர் இருக்கிறது என்பதற்காக யாரும் அதை வங்கி என்று சொல்வதில்லையே.

வண்டி போகும் வழியைப் பாருங்கள், விஷயம் விளங்கிவிடும். 62 வயதைத் தொட்ட அமெரிக்கர் 80 டாலர் கட்டி ஓர் அட்டை வாங்கிக்கொண்டால், ஆயுள் முழுக்கத் தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. 2017 வரை அதே அட்டை 10 டாலர்தான். பாட்டி 10 டாலர் காலத்திலேயே வாங்கிவிட்டவர், கெட்டிக்காரி. ஆனால் அந்த அட்டையைக் காட்டி அவர் பார்த்த பூங்காக்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எண்ணிய பிறகும் விரல் மிஞ்சும். வண்டி மூச்சிரைக்கப் போய் நிற்பது மிசௌரி மாநிலத்து ஹாமில்டனில். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஜே.சி. பென்னி என்ற ஜவுளி முதலாளி பிறந்த மண் என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லாமல் இருந்தது. 2008-இல் ஒரு குடும்பம் அங்கே கில்ட் என்கிற ஒட்டுப்போர்வை தைப்பதற்கான துணிக்கடை போட்டு, யூடியூபில் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. இன்றைக்குக் கடைத்தெருவில் பெரும்பகுதி அவர்களுடையது. பூப்போட்ட துணிக்கு ஒரு கட்டடம், குழந்தைத் துணிக்கு ஒரு கட்டடம், பண்டிகைத் துணிக்கு ஒரு கட்டடம். ரங்கநாதன் தெருவிலாவது நடுவில் ஒரு பாத்திரக்கடை வந்து கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும். மனைவிமார் துணி எடுக்கும்வரை கணவன்மார் சாய்ந்து கிடப்பதற்கென்று ஹாமில்டனில் தனி இடமே ஒதுக்கி, சாய்வு நாற்காலியும் டி.வி.யும் போட்டிருக்கிறார்கள். தி.நகர் ஜவுளிக்கடை மாடிப்படியில் பைகளுக்குக் காவலிருக்கும் நம்மவர்கள் அடுத்த கோரிக்கை மனுவில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் வந்தால் கென்டக்கியில் பதூக்கா. ஒஹையோ ஆறும் டென்னசி ஆறும் கூடுகிற ஊர் அது. கூடட்டும், பாட்டி போவது 1991-இல் திறந்த கில்ட் அருங்காட்சியகத்துக்கும், அந்த வாரம் ஊரை நிறைத்துக்கொள்ளும் துணிச்சந்தைக்கும். ஆர்.வி.க்காரர்களிடையே மூன்று-மூன்று-மூன்று என்றொரு விதி உண்டு. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், சேர்ந்த இடத்தில் 3 நாள் இரு. வயதானவர்களின் முதுகெலும்பை நினைத்து யாரோ புண்ணியவான் சொன்னது. பாட்டி இந்த விதியைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். சிற்றூர்த் துணிக்கடைகளை 5 மணிக்கு மூடிவிடுவார்கள்; 3 மணிக்கு வண்டியை நிறுத்தினால்தான் முழுதாக இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

கடைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கஜம் துணியை நெடுக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றுமாக வெட்டினால் 18 அங்குலத்துக்கு 22 அங்குலமாக நாலு துண்டு வரும். ஒரு துண்டுக்கு ஃபேட் குவார்ட்டர் என்று பெயர். குவார்ட்டர் என்றதும் தமிழ்நாட்டில் மனசு வேறு கடைக்குப் போகும். போனால் தப்பில்லை, வாங்குகிறவர் லட்சணம் இரண்டு கடையிலும் ஒன்றுதான். இன்றைக்கு ஒன்றே ஒன்று என்று சொல்லிக்கொண்டு நுழைவது, கனத்த பையோடு வெளியே வருவது, பில்லைக் கிழித்துக் கடை வாசல் தொட்டியிலேயே போட்டுவிடுவது, வண்டியில் ஏறியதும் இருக்கைக்கு அடியில் தள்ளுவது. தாத்தா கண்ணில் பட்டுவிட்டால், “இதுவா? இது போன வருஷமே வாங்கினதாச்சே” என்பது. நாளையிலிருந்து நிறுத்திவிடப் போகிறேன் என்ற வாசகமும் அப்படியே. இன்னொன்று ஜெல்லி ரோல்: இரண்டரை அங்குல அகலத்தில் நாற்பது நாடா, வெவ்வேறு வர்ணத்தில், ஒன்றாகச் சுருட்டிக் கட்டியது. பார்வைக்குக் கல்யாண வீட்டு ஜாங்கிரி மாதிரி இருக்கும். பாட்டிக்குச் சர்க்கரை, ஜெல்லியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த ஜெல்லியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். அதனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

துணிக்கு எடை உண்டு என்பதை ஜவுளிக்கடையில் யாரும் யோசிப்பதில்லை, கஜக்கணக்கில் வாங்குவதால். கில்ட் பருத்தி மூன்று கஜம் ஏறத்தாழ ஒரு பவுண்டு. வண்டியில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தாத்தா அதை மதிக்கிறவர். லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்கில் எடைமேடை மேல் வண்டியை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சீட்டும் கையுமாக வருவார். உடனே பாட்டி தன் தையல் மிஷினைத் தூக்கிக் காட்டுவார். சிங்கர் ஃபெதர்வெயிட், 1933-இல் வந்த ரகம், மொத்தமே ஐந்து கிலோ. எடை குறைய வேண்டும் என்றுதானே தேடிப்பிடித்து இதை வாங்கினேன் என்பார். மிஷினில் மிச்சம் பிடித்த கிலோவெல்லாம் கட்டிலுக்கு அடியில் துணியாகப் படுத்திருக்கிறது. ஒரு காலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல். ஆகவே தொட்டியில் தண்ணீர் குறைகிறது, தாத்தா காக்காய்க் குளியல் குளிக்கிறார். அடுத்தபடியாகத் தூண்டில் பெட்டி மகன் வீட்டு கராஜுக்குப் போய்ச் சேர்கிறது. துணி இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஓவனைத் திறந்தால் உள்ளே நீலநிறக் குடும்பம் முழுவதும் வெளிறியதிலிருந்து கறுத்தது வரை வரிசையாக அடுக்கியிருக்கும். அந்த ஓவனில் இனி ரொட்டி சுட முடியாது.

மின்சாரமும் துணிக்கே அடிமை. முகாம்களில் சாதாரணமாகக் கிடைப்பது 30 ஆம்ப் இணைப்பு, அதாவது 3,600 வாட். ஏ.சி. ஒரு 1,500 தின்னும், இஸ்திரிப் பெட்டி ஒரு 1,500 தின்னும். கில்ட் தையலில் கால் அங்குலத் தையல் ஒன்று போட்டதும் அந்த மடிப்பைத் தேய்த்தாக வேண்டும், அடுத்ததும் அப்படியே. இஸ்திரிப் பெட்டி அணைவதே இல்லை. இந்த நேரம் பார்த்துத் தாத்தா பாப்கார்னை மைக்ரோவேவில் வைத்தால் வண்டியே இருண்டுவிடும். அரிசோனா வெயிலில் ஏ.சி., பாப்கார்ன், இஸ்திரி மூன்றில் எதை விடுவது என்று விவாதம் வரும். விவாதத்தின் முடிவை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு துணியும் போர்வையாகிறதா என்று கேட்டால் வண்டிக்குள் அமைதி நிலவும். தைக்க ஆரம்பித்துப் பாதியில் நிற்பவற்றை இவர்கள் உலகத்தில் யு.எஃப்.ஓ. என்கிறார்கள். பறக்கும் தட்டைப் போலவே இதுவும் உண்டு என்பார்கள், முழுசாகப் பார்த்தவர் குறைவு. எஞ்சிய ஆயுளில் தைத்துத் தீர்க்க முடியாத அளவு சேர்ந்துவிட்ட துணிக்கு சேபிள் என்று தங்களுக்குள்ளேயே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். குற்றத்தைக் குற்றவாளியே பெயர் வைத்துக் கொஞ்சும்போது நீதிபதிக்கு என்ன வேலை?

என் கட்சிக்கு மறுப்பு இல்லாமல் இல்லை. கில்ட் என்பது சிக்கனத்தின் கலை, கிழிந்ததையும் கழித்ததையும் வீணாக்காமல் சேர்த்துத் தைப்பது, அதைப் பரிகசிக்கலாமா என்பார்கள். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்று வளைவில் கறுப்பினப் பெண்கள் அப்படித்தான் தைத்தார்கள். வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டையின் முட்டி, மாவு மூட்டை என்று கிடைத்ததை வைத்துக் குளிருக்குத் தைத்தவை 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துச் சுவருக்குப் போயின. கும்பிட வேண்டிய கைகள், மறுக்கவில்லை. ஆனால் நம் பாட்டி செய்வது என்ன? கஜம் 12, 13 டாலருக்குப் புத்தம்புதுத் துணி வாங்குகிறார். முழுசாக நன்றாக இருந்த துணியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டுகிறார். பிறகு அதையெல்லாம் மறுபடி முழுத் துணியாகத் தைக்கிறார். இதைச் சிக்கனம் என்றால் அகராதிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். போர்வைதான் வேண்டும் என்றால், நம் கரூரிலிருந்து கப்பலேறிப் போகும் விரிப்புகள் அமெரிக்கக் கடைகளில் அந்தத் துணிக் காசில் ஒரு பங்குக்குக் கிடைக்கும்.

உடம்புக்கு நல்லது என்பது அடுத்த மறுப்பு. ரத்த அழுத்தம் இறங்குகிறதாம், மனநல மருத்துவரைவிடத் துணி மலிவாம். மலிவு பற்றிய பகுதியைத் தாத்தாவின் கடன் அட்டைக் கணக்கு ஒப்புக்கொள்ளாது. கழுத்து வலிக்கும் மணிக்கட்டு வலிக்கும் மருந்து, மாத்திரை டப்பாவில் ஏழு கிழமைக்கும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது; அவை எதனால் வந்த வலி என்று கேட்கக் கூடாது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். மணிக்கணக்கில் வண்டியில் உட்கார்ந்தே போனால் வயதானவர்களுக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அடிக்கடி இறங்கி நடக்க வேண்டும். மலையைக் காட்டினாலும் அருவியைக் காட்டினாலும் சன்னல் வழியாகவே பார்த்து முடிக்கிற பாட்டி, துணிக்கடையில் மட்டும் கைத்தடியை மறந்து ஒவ்வொரு வரிசையாக நடக்கிறார்.

கடைசி மறுப்பு பேரப்பிள்ளைகள். எல்லாம் அவர்களுக்காகத்தான் என்பது. இங்கேதான் என் வாதம் கொஞ்சம் தடுமாறுகிறது. முடியாமல் கிடக்கும் குவியலுக்கு நடுவே முடிந்து வெளியே வந்த போர்வைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பிறப்புக்கு, ஒரு பட்டமளிப்புக்கு, ஒரு கல்யாணத்துக்கு. பின்பக்க மூலையில் சின்னதாக வெள்ளைத் துணி ஒட்டு. அதில் குழந்தை பேர், தேதி, கீழே “பாட்டி” என்று மட்டும், கைத்தையலில். யாருக்கு எந்த வயதில் டைனோசர் பிடித்தது, எப்போது அது மாறி ராக்கெட் ஆனது என்ற கணக்கெல்லாம் அந்த ஓவன் அடுக்கில் இருக்கிறது. சொந்தப் பெற்றோருக்கே நினைவிருக்குமா என்று தெரியவில்லை.

முடிந்த போர்வையைத் தூக்கிக்கொண்டு அவர் மகன் வீட்டுக்குப் போகிறார். நாலு படுக்கையறை வீடு. விருந்தினர் அறையில் உடற்பயிற்சி சைக்கிள் தங்கியிருக்கிறது. அம்மாதான் சொந்த வீட்டோடு வருகிறாரே! வாசல் தளத்தில் வண்டியை நிறுத்தி, கராஜிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டு அங்கேயே படுத்துக்கொள்கிறார். பல குடியிருப்புச் சங்கங்கள் ஆர்.வி.யை வாசலில் ஓரிரு நாளுக்கு மேல் நிற்க விடுவதில்லை. வேலியின் உயரத்துக்கும் தபால் பெட்டியின் வர்ணத்துக்கும் சங்கத்தோடு மல்லுக்கு நிற்கிற மகன், இந்த ஒரு விதிக்கு மட்டும் ரொம்பக் கட்டுப்பட்டவர். “ரூல்ஸ் அப்படிம்மா” என்பார். மூன்றாம் நாள் காலையில் வண்டி கிளம்பும். வண்டி பீரோ என்று நான் சொன்னேன், மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பாட்டி மாதக்கணக்கில் பீரோவுக்குள் குடியிருப்பதற்குத் துணி ஆசை ஒன்றைத்தான் காரணமாகக் காட்டிக்கொண்டிருந்தேன், அது சரியில்லை. துணிக்கடையில் வெட்டுமேசைக்குப் பின்னால் நிற்கிற பெண், “இது யாருக்குத் தைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மகன் வீட்டில் அந்தக் கேள்வி வருவதில்லை. போர்வை பிரித்துப் பார்க்கப்பட்டு, போட்டோ எடுக்கப்பட்டு, மாடிக்குப் போய்விடுகிறது. இல்லையென்றால் காரின் பின்சீட்டில் நாய்க்கு விரிப்பாகிறது. நாய் அழுக்காக்கியதும் வெந்நீர் விட்ட துவைக்கும் மிஷினில் போய் விழுகிறது. சிவப்புச் சதுரங்களின் சாயம் வெள்ளைச் சதுரங்களில் ஏறி, நாலு மாத வேலை இளஞ்சிவப்பாகக் கலங்கி வருகிறது. 1950-களின் கடைசியில் நம் மெட்ராஸ் கட்டம்போட்ட துணி அமெரிக்கா போய்ச் சாயம் விட்டபோது, அதையே ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்று பெருமையாக்கிக் காசு பார்த்தார்கள் வியாபாரிகள். பாட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கலங்கியதைப் பார்த்து, “பரவாயில்லை, வேறு தைத்துத் தருகிறேன்” என்பார். அதற்குத் துணி வாங்க வேண்டுமே!

உங்கள் வீட்டு மாடியிலோ பரணிலோ மூலையில் பேர் தைத்த போர்வை ஒன்று இருந்தால், தயவுசெய்து இறக்கிக் கட்டிலில் விரியுங்கள். துவைப்பதானால் பச்சைத் தண்ணீர், சாயம் பிடிக்கிற தாள் ஒன்றும் கூடப் போடுங்கள். நாய்க்குக் கரூர் விரிப்பு போதும்.