நான் அப்பவே கேட்டேன்ணே

விராலிமலை பஸ் நிறுத்தத்தில் காலை ஆறரை மணிக்கு ஒரு தம்பி நிற்பார். கழுத்தில் கம்பெனி அட்டை, காதில் இயர்பட்ஸ், முகத்தில் லேசான வருத்தம். வேலைக்குப் போகிற வருத்தம் அல்ல. டீக்கடை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடுகிறது, அதுதான். நாலு நாள் பக்கத்தில் நின்று டீ குடித்தீர்களானால் உங்களுக்கும் ஒரு பக்க இயர்பட் கிடைக்கும். சட்டைநுனியில் துடைத்துத்தான் தருவார்; அந்த விஷயத்தில் குறை சொல்லக் கூடாது.

இந்த ஜாதி ஆட்கள் ஒருகாலத்தில் சென்னையில் மட்டும்தான் இருந்தார்கள். டேட்டா மலிந்தபிறகு ஊருக்கு ஒருவராவது முளைத்துவிட்டார். எங்கள் ஊருக்கு இவர். டீக்கடையில் இவருக்குப் பெயர் ‘ஆல்பம்’. “ஆல்பத்துக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி.”

ஆல்பத்தின் சட்டதிட்டம் எளிது. சினிமாவில் வந்தால் அது வெறும் பாட்டு. வராவிட்டால் அது கலை. அதுவும் ஊர் கேட்கிற வரைதான். 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தபோது ஆள் தரையில் நிற்கவில்லை. “தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன்... படமே இல்லாம ஒரு பாட்டு நிக்குது பாருங்கண்ணே!” மூன்றாம் வாரம் மினிபஸ்ஸில் ஓடியது. நாலாம் வாரம் ஒரு காதுகுத்து வீட்டுக் குழாயில் ஓடியது. “இல்லண்ணே, அது இப்ப வேற மாதிரி ஆயிருச்சு” என்றார், கூடப் படித்தவன் கட்சி மாறியதைச் சொல்லும் குரலில். 2024-ல் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ வந்தது. இவர் சேர்ந்த வேகத்தில் விலகினார். அத்தை மகள் அதற்கு ரீல்ஸ் போட்டுவிட்டாள்.

“நான் அப்பவே கேட்டேன்ணே.” இதுதான் அவருடைய தாரக மந்திரம். ஹிப்ஹாப் தமிழாவின் ‘ஹிப்ஹாப் தமிழன்’ 2012-ல் வந்தது. அதையும் அப்பவே கேட்டாராம். கணக்குப் போட்டால் அன்றைக்கு ஆறாம் வகுப்பு. மலேசியாவின் யோகி பி 2006-ல் ‘வல்லவன்’ போட்டபோது இவர் பால்வாடி. அதையும் விடமாட்டார்.

ஆல்பத்தை அவர் நிமிஷக் கணக்கில் அளப்பதில்லை, பஸ் கணக்கில்தான். விராலிமலையிலிருந்து திருச்சி முப்பது கிலோமீட்டருக்குப் பக்கம். ஏறினால் முதல் பாட்டு, ஜங்ஷனில் கடைசிப் பாட்டு என்று கச்சிதமாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை. 2025-ல் பஞ்சப்பூரில் புது பஸ் நிலையம் திறந்தார்கள். இவர் போகிற பஸ் இப்போது அங்கேயே இறக்கிவிடுகிறது. “கடைசி ரெண்டு பாட்டு போச்சுண்ணே. இந்த வருஷம் எந்த ஆல்பம் எப்படி முடியுதுன்னே எனக்குத் தெரியாது.” டவுன் பஸ்ஸில் கேட்கலாமே என்றேன். “அங்க டிரைவர் பாட்டு போடுவாருண்ணே” என்றார்.

விமரிசனத்துக்கு இவரிடம் மூன்றே சொற்கள். ‘ரா’, ‘வைப்’, ‘மிக்ஸிங் சரியில்ல’. ஆனால் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-ல் போட்ட ‘தெருக்குரல்’ ஆல்பத்தை அவர்தான் எனக்குக் கேட்கக் கொடுத்தார். தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் இறந்த ஸ்னோலின் பேரில் அதில் ஒரு பாட்டு. அது ஓடி முடிகிறவரை தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஸிங் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பழையபடி ஆகிவிட்டார். லண்டன் தமிழச்சி எம்.ஐ.ஏ. 2007-ல் போட்ட ‘கலா’. சென்னைக்கு வந்து நம் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்த பாட்டு அதில் இருக்கிறது. “அந்த உறுமி உள்ள வர்ற இடம் இருக்கே, புல்லரிக்குதுண்ணே!” சரி. அதே உறுமி தைப்பூசத்தன்று காவடிக்கு முன்னால் இவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. இவர் ஜன்னலைச் சாத்திவிட்டு நாய்ஸ் கேன்சலிங்கைப் போட்டுக்கொண்டார்.

ஸ்விட்சர்லாந்தில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் பிரியா ரகு. 2023-ல் வந்த அவருடைய ‘சந்தோஷம்’ தம்பிக்கு உயிர். அந்தப் பெண் பாடக் கற்றதே அப்பா நடத்திய குழுவில், விசேஷ வீடுகளில் தமிழ் சினிமாப் பாட்டு பாடித்தான் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் எனக்கு இயர்பட் கிடைக்கவில்லை.

அவரை உண்மையில் சாய்த்தது டீ மாஸ்டர்தான். “ஏந்தம்பி, இண்டின்னா சினிமாவுல வராத பாட்டுதானே?”

“ஆமா மாஸ்டர்.”

“அப்போ காலையில மலைமேல போடுறானே, டி.எம்.எஸ். முருகன் பாட்டு, பெங்களூர் ரமணியம்மா, சூலமங்கலம் சகோதரிகள் கவசம், அம்புட்டும் இண்டியா?”

தம்பி டீயை வைத்துவிட்டார். பஸ் வந்தது. ஏறவில்லை. “அது... டிவோஷனல்” என்றார் கடைசியில். குரலில் சாரம் இல்லை. இளையராஜா 1986-லேயே ‘ஹவ் டு நேம் இட்’ என்று படமில்லாத ஆல்பம் போட்டாரே என்று எடுத்துக்கொடுக்கலாமா என நினைத்தேன். விட்டுவிட்டேன், ஏற்கெனவே விழுந்தவர்.

ஒரு வாரம் கழித்து எழுந்து வந்தார். கானவ்யாவோடு. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி. 2024-ல் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ போட்டார். ஜாஸ் மேதை ஆலிஸ் கோல்ட்ரேனை நினைத்து முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் கூடிச் செய்தது. “டிவோஷனல்னு சொன்னீங்கல்ல மாஸ்டர், இது கேளுங்க. கோயிலோட மகள்னு அர்த்தம்.”

“யாரு, முத்துக்கண்ணம்மாளா?”

“அது யாரு?”

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விராலிமலை முருகனுக்கு ஏழு வயதில் பொட்டுக்கட்டிய பெண். இந்தக் கோயிலில் சதிர் ஆடிய 32 பேரில் ஒருவர். 2022-ல் பத்மஸ்ரீ வாங்கினார். மாஸ்டர் இதையெல்லாம் ஒரு டீ ஆற்றும் நேரத்தில் சொல்லி முடித்தார்.

தம்பி போனை எடுத்தார். “எந்த ஆப்ல இருக்காங்க மாஸ்டர்?”

மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே மலையைக் கைகாட்டினார்.

மதுரை ரோட்டில் போகிறவர்கள் விராலிமலையில் ஒருதரம் இறங்குங்கள். மயில் பார்க்கலாம். முருகனுக்குச் சுருட்டு படைப்பதைப் பார்க்கலாம். பஸ் நிறுத்தத்தில் தம்பி நின்றால், இப்போது என்ன கேட்கிறீர்கள் என்று மட்டும் வாய்விடாதீர்கள், உங்கள் பஸ் போய்விடும். கேட்டே தீருவேன் என்றால் ‘தெருக்குரல்’ போடச் சொல்லுங்கள். அதில் மட்டும் ஆள் சொன்னது சரி.